எல்லை மேட்டுக் கரியும் என் கையும்

எங்கள் தோல் பதனிடும் ஷாப்புக்குக் கரண்டுக் கம்பி வந்த அன்று வெங்கட்டம்மாவுக்கு மாலை போட்டார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். அதுவும் இரண்டாவது வரிசையில்.

ஆம்பூரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அத்தனை காலம் கிணற்றுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த கரி எஞ்சினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, எங்கேயோ தூரத்து அணைத் தண்ணீரில் பிறந்த மின்சாரத்தைக் கம்பி வழியாகக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கோ இருக்கிற ஆறு இங்கே வந்து நம் சக்கரத்தைச் சுற்றுகிறதே என்று மேடையில் ஒருவர் வியந்து வியந்து பேசினார். எனக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. இத்தனை வருஷமும் இந்த ஊர்ச் சக்கரம் அடுத்த சீமை நெருப்பில்தான் சுற்றியது. அந்த நெருப்பை எல்லையில் நின்று வாங்கி, இந்தப் பக்கம் விட்டவள் நான்.

அந்தக் கதையைச் சொல்லுங்கள் என்று ஷாப்பில் இப்போது வேலை பார்க்கிற பெண்கள் கேட்டார்கள். வெங்கட்டம்மாவைத்தான் கேட்டார்கள். அவளும் மாலையைக் கழற்றாமலே சொன்னாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதி இல்லை. மீதிப் பாதியை நான் எழுதுகிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டக் கற்றவள், அதனால் எனக்கு வந்த மாதிரிதான் எழுத வரும்.

முதலில் அந்த வியாபாரம் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துக் காடெல்லாம் சர்க்கார் ரிசர்வு ஆகிவிட்டிருந்தது. சுள்ளி பொறுக்கினால்கூட ஃபாரஸ்ட் கார்டு வந்து நிற்பான். மலைக்கு அப்பால் மைசூர் மகாராஜா சீமையில் தனியார் காடுகள் இருந்தன. கன்ட்ராக்டர்கள் மரம் வெட்டிச் சூளை போட்டுக் கரி எடுத்தார்கள். அங்கே கரி ஜாஸ்தி, மண்ணெண்ணெய் கம்மி. எங்களுக்கோ பர்மா எண்ணெய் கப்பலில் மதராசுக்கு வந்து, ரயிலில் ஆம்பூர் ஸ்டேஷனில் டின் டின்னாக இறங்கும். ஆனால் எஞ்சினுக்குப் போடக் கரி கிடையாது. ஆகவே அவர்கள் கரி எங்களுக்கு, எங்கள் எண்ணெய் அவர்களுக்கு. எந்த வண்டியும் வெறுமனே திரும்பாது. கரியை ரயிலில் ஏற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். கரி மூட்டை என்றாலே ஸ்டேஷனில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பேரணாம்பட்டு வழியாக மலை ஏறி, வெங்கடகிரிகோட்டையும் தாண்டிப் போனால் ஒரு மொட்டை மேடு. அதன் நடுவில் எல்லைக்கல். அவர்கள் வண்டிக்கு வாங்கிய பாஸ் அந்தக் கல்லோடு முடிந்துவிடும். எங்கள் வண்டியின் பாஸ் அந்தக் கல்லில்தான் தொடங்கும். அதனால் சரக்கு அங்கே இறங்கித்தான் வண்டி மாறவேண்டும். மேட்டின் உயர்ந்த பக்கம் கரிக்கு, கீற்றுக் கொட்டகைகள் போட்டது. தாழ்ந்த பக்கம் எண்ணெய் டின்களுக்கு. நடுவில் ஒரு புல்கூட இல்லாமல் செதுக்கிப் போட்ட வெறும் தரை. பீடி பிடிக்கிறவன் அந்த மேட்டுக்கு ஏறும் முன்பே கீழே அணைத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வரவேண்டும். கொப்பளிப்பது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் செய்தார்கள்.

சூளையிலிருந்து எடுத்த கரி பார்க்கச் செத்துக் கிடக்கும். தொட்டால் சில்லென்று இருக்கும். ஆனால் உள்ளே எங்காவது ஒரு கட்டையின் வயிற்றில் கட்டை விரல் அளவு நெருப்பு தூங்கிக்கொண்டிருக்கலாம். ஊமை நெருப்பு என்போம். குவியலாய்க் கிடக்கும்வரை அது தூங்கும். மூட்டை கட்டி வண்டியில் ஏற்றி, மலைப்பாதையில் குலுக்கி, காற்றும் பட்டால் எழுந்துகொள்ளும். மாடு பூட்டிய வண்டி, முன்னே பள்ளம், பின்னே இன்னொரு கரி வண்டி. அப்புறம் யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் மேட்டில் இறக்கிய கரியை ஒரு முழு நாள் ஆறப் போடுவோம். மறுநாள் காலையில் கை விடுவோம். வாங்குகிற சீமையின் மேஸ்திரியம்மா வலது கையைக் குவியலுக்குள் முழங்கை வரைக்கும் விட்டுப் பார்ப்பாள். அடியில், நடுவில், உச்சியில். பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி "ஏற்றேன்" என்று சொல்லவேண்டும். அந்த ஒரு சொல்லோடு சரக்கு கல்லைத் தாண்டிவிட்டது என்று கணக்கு. அதன்பிறகு தீப்பிடித்தால் கொடுத்தவனைக் கேட்க முடியாது. ஏற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அந்தக் குவியல் திரும்பிப் போகும். அதைக் கொண்டுவந்த மேஸ்திரியம்மாவும் மறுநாளிலிருந்து மேஸ்திரி இல்லை, கூடை தூக்கப் போகவேண்டும். எண்ணெய்க்கும் இப்படியே. டின்னைச் சாய்த்து, ஈயம் பற்றவைத்த ஓரத்தை மோந்து பார்த்து, அவர்கள் பக்கத்து மேஸ்திரியம்மா "ஏற்றேன்" சொல்வாள். இதற்குக் காகிதம் கிடையாது, ரேகை கிடையாது. இரண்டு சர்க்காருக்கும் தெரியாமல் இரண்டு பொம்பளைகள் வாயில் நடந்த விவகாரம்.

நான் கலியாணமான புதிதில் கூடை தூக்க அந்த மேட்டுக்குப் போனவள். எங்கள் வீட்டுக்காரர் கரி வண்டி ஓட்டினார். சல்லடை பிடித்தேன், சுட்டுக்கொண்டேன், கற்றுக்கொண்டேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. முன்னிருந்த மேஸ்திரியம்மா இருமல் வந்து ஊருக்குப் போனபோது, சாயபு என்னைக் கூப்பிட்டார்.

சாயபு என்றால் எங்கள் ஷாப்புக்குக் கரி வாங்கும் மானேஜர். பெயர் எழுத வேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள். கரிக் கிடங்கிலும் வெள்ளை ஜிப்பாதான் போடுவார். அத்தனை வருஷத்தில் அதில் ஒரு கறுப்புப் புள்ளி நான் பார்த்ததில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் பார்ப்பார், அதற்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பார், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். சத்தம் போட்டுப் பேசமாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், நாம்தான் கிட்டே போய்க் கேட்கவேண்டும். கிட்டே போனதும் திட்டுவார். வேலை சரியாக இருந்தால் "சரி" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நான் மேஸ்திரியம்மாவாகிக் கை விட்ட முதல் குவியலுக்கும் "சரி"தான். அப்புறம் எத்தனையோ குவியல்கள். ஒன்றில்கூட என் கை பொய் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் "சரி".

அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனால் "மாஷா அல்லா" என்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நல்ல குதிரையைப் பார்த்து ஒருமுறை சொன்னதாக எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். கரியைப் பார்த்து யாரும் அதை எதிர்பார்க்க மாட்டார்கள். நானும் எதிர்பார்க்கவில்லை. வெங்கட்டம்மா வரும்வரைக்கும் எதிர்பார்க்கவில்லை.

மகாராஜா சீமைப் பக்கத்துக்குப் புது மேஸ்திரியம்மாவாக அவள் வந்தாள். என் வயதுதான் இருக்கும். வந்த அன்றே என்னை அக்கா என்று கூப்பிட்டாள். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாள், பேசும்போது சிரிப்பாள். ஆண்கள் எல்லோரும் அவள் பேசுவதைக் கேட்க மாட்டை அவிழ்க்காமலே நிற்பார்கள்.

மறுநாள் நான் கை விட முந்தானையைச் செருகிக்கொண்டு போனேன். அவள் ஒரு பழைய புடவையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, குவியல்மேல் விரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாது இது, கரிக்குச் சேல கட்டறியா?" என்றேன்.

"கொஞ்சம் இரு அக்கா. நெருப்பு இருந்தா அங்கத்தான மொதல்ல காயும். எது மொதல்ல காயுதுன்னு பாரு. அப்பறம் நீ கைய வெச்சுக்கோ."

வெயில் ஏறியது. புடவை முழுவதும் ஒரே மாதிரி மெள்ள மெள்ளக் காய்ந்தது. அடுத்த குவியலில் ஓரிடத்தில் மட்டும் வட்டமாகச் சீக்கிரம் வெளுத்தது. அந்த இடத்தை அவள் மண்வெட்டியால் விலக்கினாள். உள்ளே சிவப்பாக ஒரு கங்கு கண் விழித்துப் பார்த்தது.

சாயபு கையைக் கட்டிக்கொண்டு அந்த வெளுத்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாஷா அல்லா" என்றார்.

அந்தக் குவியலில் நான் கை விட்டிருந்தாலும் கண்டுபிடித்திருப்பேன். விடத்தான் விடவில்லை. அன்றிலிருந்து அப்படியே ஆகிவிட்டது. அவள் சேலை விரிப்பாள், எல்லோரும் சேலையைப் பார்ப்பார்கள். சேலை சொல்லி முடித்தபிறகு நான் போய்க் கை விட்டு "ஏற்றேன்" என்பேன். கலியாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போனபிறகு மேளம் வாசிக்கிற மாதிரி.

வீட்டிலும் நிம்மதி இல்லை. எங்கள் வீட்டுக்காரர் களி தின்றுகொண்டே, "அந்தம்மாவுக்கு மூள மூளதான்" என்றார்.

"ஆமா, என் தலையில மட்டும் கரிதான் கீது."

"அத சொல்லல. ஒரு சேலையில முடிச்சுட்டா பாரு. நீ இத்தினி வருஷமா கையச் சுட்டுக்கினு இருந்த."

"நான் சுட்டுக்கல. சுடறதுக்கு முன்னாடி எடுக்கறதுதான் வேலையே."

"சரி சரி" என்றார். சாயபு மாதிரியே சொன்னார். அன்றைக்கு அவருக்கு இரண்டாவது உருண்டை போடவில்லை.

நான் அவளை ஒன்றும் செய்யவில்லை. செய்ய வழியும் இல்லை. அவள் கரியில் குறை இருக்காது. குறை தேடித் தேடிப் பார்ப்பேன், அதுவும் உண்மை. சரியாக வேகாத கட்டை ஒன்று இருந்தாலும் தட்டிப் பார்த்து எடுத்து அவள் முன்னால் போடுவேன். அவள் எடுத்துப் பார்த்து, "நல்ல கண்ணுக்கா உனக்கு" என்று சிரிப்பாள். திட்டினாலாவது தேவலை. என் முகம் போன போக்கை மேட்டில் பார்க்காதவர்கள் கிடையாது. "கெங்கம்மாக்காவுக்கு இன்னைக்கும் வயிறு காயுதா, சேல காயுதா?" என்று வண்டிக்காரர்கள் கேலி பேசுவார்கள். கேலியாக இருந்தவரை பரவாயில்லை. அந்தக் கேலி ஒருநாள் என் சொல்லையே தின்னப் பார்த்தது.

ஐப்பசி மழை விடாமல் பெய்த வருஷம். சூளைகளை அவசரமாகப் பிரித்து, கிடைத்த கரியை அவர்கள் மேட்டுக்குக் கொண்டுவந்து கொட்டகைகளில் இறக்கினார்கள். ஆம்பூரில் எங்கள் ஷாப்பில் கரி தீர்ந்து எஞ்சின் நிற்கிற நிலை. பாலாற்றங்கரைக் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏறவில்லையென்றால் சுண்ணாம்புக் குழியில் கிடக்கிற தோலை அலச முடியாது. அலசாத தோல் குழியிலேயே வெந்து கஞ்சியாகிவிடும். அத்தனை பேர் கூலி, முதலாளி சொத்து எல்லாம் குழியில். சாயபுவே மழையில் மலை ஏறி வந்துவிட்டார். அந்த வெள்ளை ஜிப்பா முதல்முறையாக உடம்போடு ஒட்டி ஈரமாக இருந்ததைப் பார்த்தேன்.

"ஜல்தி ஆகட்டும்மா. வண்டிங்க நிக்குது" என்றார்.

கரி ஆறி ஒருநாள் ஆகியிருந்தது. வெங்கட்டம்மா வழக்கம்போல் சேலையை நனைத்து எல்லாக் குவியல்மேலும் விரித்தாள். தூற்றல், வாடைக் காற்று. எந்தச் சேலையும் எங்கேயும் காயவில்லை. எல்லாம் ஒரே ஈரம். "எங்கயும் வெளுக்கல" என்று அவள் சொன்னாள். வெளுக்காது. அந்த ஈரக் காற்றில் அடுப்பின்மேல் போட்டாலும் லேசில் வெளுக்காது. அது அவளுக்கே கொஞ்சம் உறுத்தியது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

நான் கை விட ஆரம்பித்தேன். முதல் குவியல், அடுத்தது, அதற்கடுத்தது. கையை எடுக்கும்போது கரித்தூள் சேறு மாதிரி விரல்களில் அப்பிக்கொண்டு வந்தது. மழைக்காலத்தில் அப்படித்தான் வரவேண்டும். கடைசிக் கொட்டகையில் இருந்த பெரிய குவியலில் விட்டேன். சில்லென்று இருந்தது. அடியில் விட்டேன், சில்லென்றுதான் இருந்தது. நடுவில் முழங்கை வரை விட்டு எடுத்துக் கையைப் பார்த்தேன். சுடவில்லை. வெதுவெதுப்புக்கூட இல்லை. ஆனால் தூள் ஒட்டவில்லை. விரலைத் தட்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது.

ஊரெல்லாம் ஈரம், உலகமெல்லாம் ஈரம், இந்தக் குவியலின் வயிற்றுக்குள் மட்டும் காய்ச்சல் காலத்து நாக்கு மாதிரி வறட்சி. என் கை எட்டுகிற இடத்துக்கும் அப்பால் ஏதோ ஒன்று அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

"இத ஏக்க மாட்டேன்" என்றேன்.

வண்டிக்காரர்களிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அதில் எங்கள் வீட்டுக்காரர் மூச்சும் இருந்தது. இருந்ததிலே பெரிய குவியல் அதுதான். அது இல்லாமல் எஞ்சின் நாலு நாள் ஓடாது. அவர்கள் கன்ட்ராக்டரின் ஏஜெண்டு குடையோடு முன்னால் வந்தார். "இன்னாம்மா, கை சுட்டுதா?"

"சுடல."

"அப்ப இன்னா?"

"காஞ்சிருக்குது."

"கரி காஞ்சிருந்தா நல்லதுதான? ஈரக் கரிய யாராவது கேட்டு வாங்குவாங்களா?" என்று எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். சிலர் சிரித்தார்கள். "எங்க மேஸ்திரியம்மாவ கூடை தூக்க வெக்கணும்னு இந்தம்மாவுக்கு ரொம்ப நாளா ஆச. சேல காயலன்னுதான் இவங்களுக்கு வருத்தம்."

சாயபு என் பக்கத்தில் வந்தார். நெருங்கி வந்தார், அவ்வளவு மெதுவாகப் பேசினார். "கெங்கம்மா. வயித்தெரிச்சல வூட்ல வெச்சுட்டு வந்து சொல்லு. தோலெல்லாம் குழியில கெடக்குது."

இத்தனை வருஷத்தில் என் கை வேலையைப் பற்றி அவர் "சரி"க்கு மேல் சொன்ன முதல் வார்த்தைகள் இவை.

எனக்குப் பொறாமை இல்லை என்று நான் அப்போதும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஏற்க மாட்டேன் என்று சொன்னபோது உள்ளே ஒரு குளிர்ச்சி ஓடியதும் உண்மை. ஆனால் பொறாமை மனசில் இருந்தது, கையில் இல்லை. கைக்கு அவள் யார் என்று தெரியாது. அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? நான் மறுத்தால் பொறாமை. "ஏற்றேன்" என்று சொல்லிவிட்டால் அந்த மூட்டைகள் ஏறப்போவது எங்கள் வீட்டுக்காரர் வண்டியில்.

வெங்கட்டம்மா குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளிடம் போனேன்.

"ஏன், உங்கையி இன்னா பூவா? வுட்டுப் பாரேன்."

"எங்க?"

நான் காட்டினேன். "நடுவுல. எனக்கு எட்டல. நீ ஒசரம்."

அவள் ஏஜெண்டைப் பார்க்கவில்லை, சாயபுவைப் பார்க்கவில்லை. ரவிக்கைக் கையைத் தோள்வரை ஏற்றிக்கொண்டு, குவியலில் முட்டி போட்டுச் சாய்ந்து, வலது கையை உள்ளே விட்டாள். முழங்கை போயிற்று, தோளும் போயிற்று. கன்னம் கரியில் பதிந்தது. கை விட்டுப் பழகாதவள். தெரிந்தவள் விரல்நுனியை முன்னே அனுப்பிப் பின்னால்தான் கையை அனுப்புவாள். இவள் எதையோ பிடிக்கப் போகிறவள் மாதிரி உள்ளங்கையை விரித்துக்கொண்டே போனாள்.

அவள் முகத்தில் எதுவோ மாறியதைப் பக்கத்திலிருந்த நான் மட்டும் பார்த்தேன். சத்தம் வரவில்லை. கையை எடுத்தபோது உள்ளங்கை வெந்து, தோல் மடங்கியிருந்தது. அந்தக் கையைத் தூக்கி எல்லோரும் பார்க்கும்படி காட்டினாள்.

"இது எங்க கரி. நெருப்பு கீது. ஏத்தாதீங்க" என்றாள். பிறகு தன் ஆட்களைப் பார்த்துத் தெலுங்கில், கொட்டகைக் கீற்றைப் பிரிக்கச் சொன்னாள்.

அப்புறம் நடந்தது சட்டென்று நடந்தது. கீற்றைப் பிரித்து, குவியலை இரண்டு சீமை ஆட்களும் சேர்ந்து மண்வெட்டியால் பிளந்தோம். காற்றுப் பட்டதும் நடுவிலிருந்து நெருப்பு எழுந்து ஆள் உயரத்துக்கு நின்றது. அது மூட்டைக்குள் புகுந்து மலை இறங்கியிருந்தால் என்று நினைத்துப் பார்த்த வண்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எண்ணெய் டின்களைப் பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கீழே இன்னும் தள்ளி வைத்தார்கள். அணைத்து, பரப்பி, தேறிய கரியையும் மற்றக் குவியல்களையும் ஏற்றி அனுப்பினோம். எஞ்சின் ஓடியது, தோல் தப்பியது.

சாயபு வெங்கட்டம்மாவின் கையை நெடுநேரம் பார்த்தார். தான் கொண்டுவந்த சரக்கைத் தானே தள்ளியவளை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை போலிருக்கிறது. "மாஷா அல்லா" என்றார்.

என் பக்கம் திரும்பினார். நான் காத்திருந்தேன். மறைப்பானேன், காத்திருந்தேன்.

"சரி" என்றார்.

அதோடு விட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். தன் சரக்கைத் தானே தடுத்தவள் என்று அவளைக் கூடை தூக்க அனுப்பவில்லை. கை ஆறி அவள் மேட்டுக்குத் திரும்பி வந்த அன்று, சாயபுவும் அந்தப் பக்கத்துக் கன்ட்ராக்டரும் கலந்து பேசி ஒரு புது ஏற்பாடு சொன்னார்கள். ஒருத்தி கையை மட்டும் நம்பினால் சண்டை வருகிறது. ஆகவே இனி கரிக்கு இரண்டு சீமை மேஸ்திரியம்மாக்களும் வலது கை விடவேண்டும். இரண்டு பேரும் "ஏற்றேன்" சொன்னால்தான் கல்லைத் தாண்டும். அண்டைச் சீமைகள் இப்படி அனுசரித்துப் போவதுதான் நல்லது என்று கன்ட்ராக்டர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் சாயபுவிடம் கேட்டேன். "அப்ப எண்ணெயிலயும் எனக்குப் பாதி உண்டா?"

"எண்ணெயில கைய வுட்டு இன்னா பாக்கப் போற, கெங்கம்மா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சரியாகச் சொன்னவள் நான். எண்ணெய் முழுக்க அவளுக்கே இருந்தது. கரியிலும் பாதி அவளுக்குப் போயிற்று.

அதற்குப் பின் பல வருஷம் ஒரே குவியலுக்குள் நாங்கள் இருவரும் கை விட்டோம். அவள் தழும்புக் கையைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். அவளும் விரித்துக் காட்டுவாள், மினுமினுவென்று வெள்ளி மாதிரி இருக்கும். என் கையில் காட்ட ஒன்றும் கிடையாது. வேலை தெரிந்த கையில் தழும்பு இருக்காது என்று யாருக்குப் போய்ச் சொல்வது?

இனிதான் அவள் சொல்லாத பாதி.

ஒரு கோடையில் நாங்கள் கரியைச் சல்லடையில் போட்டுக்கொண்டிருந்தோம். அவள் வலது கையிலிருந்து ரத்தம் சொட்டியது. கண்ணாடிச் சில் மாதிரி ஒரு கரித்துண்டு உள்ளங்கையில் ஆழமாகக் குத்தி நின்றது. அவள் பாட்டுக்குச் சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அடியே, ரத்தம்" என்றேன்.

அவள் குனிந்து, அடுத்தவள் கையைப் பார்க்கிற மாதிரி தன் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. தழும்பு விழுந்த கையில் உணர்ச்சி இல்லை. சூடும் தெரியாது, ஈரமும் தெரியாது. இத்தனை நாளும் அந்தக் கையைத்தான் குவியலுக்குள் விட்டு "ஏற்றேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். எப்போதும் எனக்குப் பின்னால்தான் விடுவாள். விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சொன்னபிறகு சொல்வாள். மரியாதைக்கு அப்படிச் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

"பாத்துட்டியாக்கா?"

"பாத்தேன்."

"சாயபுகிட்ட சொல்லப் போறியா?"

"நான் சொன்னா எவன் நம்புவான்? எரிச்சல்ல சொல்றேன்னுவாங்க."

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கரித்துண்டைப் பிடுங்கிப் போட்டேன். அதைப் பிடுங்கும்போதும் அவளுக்கு வலிக்கவில்லை.

அதன்பின் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் கை விடுவேன், அவள் விடுவாள், என் முகத்தைப் பார்ப்பாள். சில நாள் வேண்டுமென்றே முகத்தை இறுக்கிக்கொண்டு காக்க வைப்பேன். அவள் நெற்றியில் வேர்க்கும். பிறகு சொல்வேன். அவளும் சொல்வாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று இரண்டு "ஏற்றேன்" கேட்கும். சாயபு வேலையை விட்டுப் போகும்வரைக்கும் அதைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். ஒரு வண்டியும் தீப்பிடிக்கவில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கூடை தூக்கியிருப்பாள். ஏன் சொல்லவில்லை என்றால், யாரும் நம்பமாட்டார்கள் என்பது ஒரு காரணம். சொல்லிவிட்டால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க அவள் இருக்கமாட்டாள் என்பது இன்னொன்று. எது பெரிய காரணம் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது சொல்கிறேன். கம்பி வந்துவிட்டது. மேட்டில் வண்டி நிற்பதில்லை. அவளிடமிருந்து பிடுங்க ஒரு வேலையும் மிச்சமில்லை. இதையும் பொறாமையில் எழுதுகிறாள் என்றுதான் சொல்வீர்கள். சொல்லுங்கள், பொறாமைதான். ஆனால் அந்த வருஷங்களில் மகாராஜா சீமையிலிருந்து இந்த ஊருக்கு வந்த கரி அத்தனையும் ஒரே கையின் சொல்லில்தான் வந்தது. தழும்பில்லாத கை.

வெங்கட்டம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இப்போது இங்கே ஆம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் மகன் வீட்டில்தான் இருக்கிறாள். யாராவது போய் இதைப் படித்துக் காட்டுங்கள். உரக்கப் படியுங்கள், பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும்.